மாலை போடுவதற்காகக் குடியை நிறுத்துகிறார்: எத்தனை நாள் உடம்பு படுத்தும், எதற்குப் பயப்பட வேண்டும்?

தாமிரபரணிக்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்கா வீட்டுக்காரருக்கு வயசு 44, கொத்தனார் வேலை. ஒன்பது பத்து வருஷமா தினமும் குடி. இப்போதைய கணக்கு ஒரு நாளைக்கு ரெண்டு குவார்ட்டர் பிராந்தி, சனிக்கிழமை சம்பளம் வாங்கினா மூணு. காலையில எந்திரிச்சதும் கை நடுங்குது. ஒரு கட்டிங் உள்ள போனாத்தான் கரண்டியைப் பிடிக்க முடியுது.

வர்ற கார்த்திகை ஒண்ணாம் தேதி சபரிமலைக்கு மாலை போடப் போறேன், முந்தின நாள் ராத்திரியோட குடியை நிறுத்திடுவேன்னு சொல்றார். கேக்கச் சந்தோஷமா இருக்கு. ஆனா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியும் இப்படித்தான் மாலை போட்டார். மறுநாள் சாயங்காலம் ஃபிட்ஸ் வந்து வாசல்லயே விழுந்துட்டார். விரதத்துல ஏதோ குத்தம் நடந்துடுச்சுன்னு பெரியவங்க மாலையைக் கழட்டச் சொல்லிட்டாங்க. அன்னைக்கு ராத்திரியே திரும்பவும் குடி.

இன்னும் மூணு வாரம் இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க. நிறுத்தினா எத்தனை நாள் படுத்தும்? எதுவரைக்கும் சாதாரணம், எதைப் பார்த்தா தூக்கிக்கிட்டு ஓடணும்? வீட்டுலயே கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்க வழி இருக்கா? அவர் கூட்டாளி ஒருத்தர் மெடிக்கல்ல வாங்கின நடுக்க மாத்திரை ஒரு அட்டை குடுத்திருக்கார், அதைக் குடுக்கலாமா?


வார்டு சிஸ்டர்

தம்பி, போதை மீட்பு வார்டுல முதல்ல கேக்குற கேள்வி "கடைசியா எத்தனை மணிக்குக் குடிச்சார்?"ங்கிறதுதான். எத்தனை வருஷமாக் குடிக்கிறார்ங்கிறதெல்லாம் அப்புறம். மாலை போட்ட தேதியில இருந்து நாள் எண்ணாதீங்க. கடைசி மடக்கு உள்ள போன மணியில இருந்து எண்ணுங்க.

உங்க மாமா ஞாயித்துக்கிழமை ராத்திரி 9 மணிக்குக் கடைசியாக் குடிக்கிறார்னு வெச்சுக்கலாம். திங்கள் விடியக்காலை 3 மணியில இருந்து காலை 9 மணிக்குள்ள, அதாவது 6 முதல் 12 மணி நேரத்துல, நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தலைவலி, காரணமில்லாத பயம் எல்லாம் ஆரம்பிக்கும். இது அவருக்குப் புதுசு இல்ல. தினமும் காலையில வர்றதும் இதேதான். கட்டிங் போட்டதும் அடங்கிடுறதால அதோட முழு உருவத்தை யாரும் பார்த்ததில்ல.

திங்கள் பகல்ல இருந்து ராத்திரிக்குள்ள சிலருக்குக் காதுல குரல் கேக்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். இந்தக் கட்டத்துல பேர், ஊர், கிழமை கேட்டாச் சரியாச் சொல்லுவாங்க. "யாரோ என்னைத் திட்டுறாங்க"ன்னு சொல்லுவாங்களே தவிர, தான் எங்க இருக்கோம்கிற நினைவு தெளிவா இருக்கும். அநேகமா ஓரிரு நாள்ல தானே அடங்கிடும்.

ஃபிட்ஸ் வர்ற நேரம் 6-வது மணியில இருந்து 48-வது மணி வரைக்கும். நம்ம கணக்குப்படி திங்கள் விடியக்காலையில இருந்து செவ்வாய் ராத்திரி 9 வரை. போன தடவை மறுநாள் சாயங்காலம் விழுந்தார்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுவும் இந்த 48 மணிக்குள்ளதான். அப்படியே பொருந்துது. அது சாமி குத்தம் இல்ல. குடியைச் சட்டுன்னு நிறுத்தினதுக்கு மூளை குடுத்த பதில்.

அடுத்தது 48-ல இருந்து 96 மணி நேரம், செவ்வாய் ராத்திரியில இருந்து வியாழன் ராத்திரி வரைக்கும். டெலிரியம், அதாவது புத்தி தடுமாறிக் குழம்பிப்போறது, வர்ற நேரம் இதுதான், உயிருக்கு ஆபத்தான கட்டமும் இதுதான். "ரெண்டு நாள் தாண்டியாச்சு, இனிமே பயமில்ல"ன்னு துணைக்கு இருந்தவங்க தூங்கப் போற நேரத்துலதான் இது ஆரம்பிக்கும். காய்ச்சல் அடிக்கும், நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டும், சட்டை நனையுற அளவுக்கு வேர்க்கும். எந்த இடம், என்ன நேரம்னு தெரியாது. போர்வையில பூச்சி ஊருதுன்னு ஒவ்வொண்ணாப் பொறுக்கிப் போடுவாங்க. இன்னொண்ணு, செய்யுற தொழிலைக் கட்டில்லயே செய்வாங்க. ஆட்டோ ஓட்டுறவர் ஹேண்டில் பாரைத் திருப்புவார், டெய்லர் காலால மெஷினை மிதிப்பார். கொத்தனார்னா வெறுங்கையால கலவையை அள்ளிச் செவுத்துல வீசி, மட்டம் பார்த்துப் பூசுற மாதிரி கை போகும். "கலவை குடு, தண்ணி குடு"ன்னு சித்தாளை அதட்டுவாங்க. வீட்டுல பேய் பிடிச்சிருச்சுன்னு நினைப்பாங்க. இது ஐசியூல வெச்சுப் பார்க்க வேண்டிய நிலைமை.

பகல்ல கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருந்து இருட்டினதும் கூடும். அதனால காலையில ஒரு தடவை பார்த்துட்டு நல்லாயிட்டார்னு முடிவு பண்ணாதீங்க.

டெலிரியம் வராதவங்களுக்கு 2-வது, 3-வது நாள் உச்சம், 5-ல இருந்து 7 நாளைக்குள்ள நடுக்கமும் வியர்வையும் அடங்கும். தூக்கம் மட்டும் சீக்கிரம் திரும்பாது.

நடுக்கம் எவ்வளவுன்னு வீட்டுலயே பார்க்க ஒரு வழி சொல்றேன். ரெண்டு கையையும் முன்னால நீட்டி விரலை விரிக்கச் சொல்லுங்க. கண்ணுக்குத் தெரியலைன்னா உங்க விரல் நுனியை அவர் விரல் நுனியோட ஒட்டிப் பாருங்க. லேசான நடுக்கம் அப்படித்தான் தெரியும். கையை நீட்டாம மடியில வெச்சிருக்கும்போதே ஆடினா அது கடுமையான நடுக்கம். நாங்க வார்டுல சீவா ஸ்கேல்னு ஒண்ணு போடுவோம். நடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம், தலைவலி, நேரம் இடம் தெரியுதான்னு மொத்தம் பத்து விஷயம், 67 மார்க். எட்டுக்குக் கீழன்னா லேசு, பதினஞ்சு இருபதைத் தாண்டினாக் கடுமை. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பப் போட்டு மருந்தைக் கூட்டிக் குறைப்பாங்க. வீட்டுல செய்ய முடியாதது இந்த "திரும்பத் திரும்ப"தான்.


மனநல மருத்துவர்

சிஸ்டர் சொன்ன நேரக்கணக்கு அப்படியே சரி. இவர் விஷயத்தில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவர் வீட்டில் நிறுத்தக் கூடாது, மருத்துவமனையில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

அளவைப் பாருங்கள். நம் ஊர் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 30 மில்லியில் சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 180 மில்லி குவார்ட்டருக்கு 60 கிராம். இவர் தினமும் 120 கிராம், சனிக்கிழமை 180. காலைக் கட்டிங் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஏற்கெனவே ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்திருக்கிறது. அது ஒன்றே போதும், வேறு எதுவும் பார்க்க வேண்டியதில்லை.

ஏன் என்றால், மூளையை அடக்கி வைக்கும் வேலையை இத்தனை வருடமாக ஆல்கஹால் செய்கிறது. மூளை சும்மா இருப்பதில்லை. தன்னை அடக்கும் காபா என்ற ரசாயனத்தின் பிடியைத் தளர்த்திக்கொள்கிறது, தன்னைக் கிளப்பும் குளூட்டமேட் என்ற ரசாயனத்தின் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஒரு கதவை இரண்டு பக்கமும் ஆள் நின்று சம பலத்தில் தள்ளுவதைப் போல. ஒரு பக்கத்து ஆள் சட்டென்று விலகினால் மறுபக்கத்து ஆள் கதவோடு உள்ளே வந்து விழுவான். ஆல்கஹால் போன அன்று நடப்பது இதுதான். அந்த வேகம் தானாகத் தணிய ஐந்தாறு நாள் பிடிக்கிறது. ஒவ்வொரு முறை நிறுத்தித் திரும்பக் குடிக்கும்போதும் அடுத்த தடவை இந்தக் கிளர்ச்சி முன்பைவிட எளிதில் பற்றிக்கொள்ளும். போன தடவை ஒரு வலிப்போடு போயிற்று என்பதால் இந்தத் தடவையும் அப்படியே போகும் என்று கணக்குப் போட முடியாது. வலிப்பு வந்தவரைச் சிகிச்சை இல்லாமல் விட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு டெலிரியம் வரும்.

மருத்துவமனையில் செய்வது என்ன? விலகிப் போன அந்த ஆளின் இடத்தில் தற்காலிகமாக இன்னொருவரை நிறுத்துகிறோம். லிப்ரியம் என்று எல்லாரும் சொல்லும் குளோர்டயசெபாக்சைடு அல்லது டயசெபாம். முதல் நாள் தேவையான அளவு கொடுத்து, அடுத்தடுத்த நாளில் படிப்படியாக இறக்கி, 5 முதல் 10 நாளில் முழுவதும் நிறுத்திவிடுவோம். மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர், வயது 65-க்கு மேல் என்றால் இவை உடம்பில் தேங்கும் என்பதால் லோரசெபாமுக்கு மாறுவோம். ஆகவே மாத்திரை எது, எவ்வளவு என்பது கல்லீரல் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த பிறகுதான்.

வலிப்பு வந்ததே என்று சிலர் எப்டாயின் வாங்கிக் கொடுக்கிறார்கள். குடி நிறுத்தத்தால் வரும் வலிப்பை அது தடுப்பதில்லை.

இன்னொரு மருந்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் தவறுவது அங்கேதான். தயமின், அதாவது பி1 வைட்டமின். பல வருடம் குடிப்பவர்கள் சோற்றைக் குறைத்துவிடுகிறார்கள், சாப்பிட்டதிலும் தயமின் குடலில் சரியாக ஏறுவதில்லை. அது தீர்ந்துபோனால் கண் அசைவு கோணலாகும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். வெர்னிக்கே என்று பெயர். தாமதித்தால் புதிய விஷயங்களை நினைவில் வைக்கும் சக்தி நிரந்தரமாகப் போய்விடும். சர்க்கரையை எரிக்கத் தயமின் வேண்டும். "அசதியா இருக்கார், ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று தெருமுனைக் கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சத் தயமினும் அதிலேயே செலவாகி வெர்னிக்கே வெளிப்படலாம். தயமின் ஊசி முதலில், அல்லது குளுக்கோஸோடு சேர்த்து. சேர்த்த முதல் சில நாள் ஊசியாகத்தான் போக வேண்டும், மாத்திரை பிறகு. நீங்கள் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் "பி1 ஊசி போட்டாச்சா?" என்று தயங்காமல் கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

போன தடவை விழுந்தபோது தலையில் அடிபட்டதா? ஸ்கேன் எடுத்தீர்களா? குடிப்பவர்களுக்குத் தலைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து, வாரக்கணக்கில் கழித்துக் குழப்பமாகவும் வலிப்பாகவும் வெளிப்படுவது உண்டு. எல்லாவற்றையும் குடி நிறுத்தத்தின் மேல் போட்டுவிடக் கூடாது.

இப்போது தேதி. கார்த்திகை முதல் நாள் நவம்பர் 16 அல்லது 17-இல் வரும். நவம்பர் 5 வாக்கில் சேர்த்தால் 10 நாளில் இந்தக் கட்டம் முடிந்து, மாலை போடும் அன்று நடுக்கம் இல்லாத கையோடு நிற்பார். முந்தின இரவு வரை குடித்துவிட்டு விடியக்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்து, பசியோடு, வெறுங்காலில் நடக்கும் அதே இரண்டு நாள்தான் வலிப்புக்கான நேரமும். விரதத்தை ஒத்திப் போடவே வேண்டாம், நிறுத்துவதை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள்.


தாமிரபரணிக்கரை

சிஸ்டர், டாக்டர், ரொம்ப நன்றி. ஸ்கேன் எடுக்கலை. நெத்தியில மூணு தையல் போட்டு அனுப்பிட்டாங்க. இந்தத் தடவை மறக்காமச் சொல்லிடுறேன்.

ரெண்டு சந்தேகம். சேர்க்குற வரைக்கும் நடுவுல இருக்கிற இந்த நாள்ல அவரைக் குடிக்க விடுறதா? அக்காவுக்கு மனசு ஒப்பலை. அப்புறம், வழியிலேயோ வீட்டுலயோ ஃபிட்ஸ் வந்துட்டா என்ன பண்ணணும்? போன தடவை கையில சாவிக்கொத்தைக் குடுத்தோம், வாயில ஸ்பூனை வெச்சோம். ஒரு பல்லு உடைஞ்சு போச்சு.


மனநல மருத்துவர்

அக்காவின் மனசு புரிகிறது. ஆனாலும் சேர்க்கும் நாள் வரை திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள், பாட்டிலை ஒளித்து வைக்காதீர்கள், அறையில் பூட்டாதீர்கள். இவரைப் போன்ற ஒருவருக்கு அதுதான் பெரிய ஆபத்து. இப்போது குடிக்கும் அளவுக்கு மேலே ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். அவராகவே குறைக்க விரும்பினால் ஒரேயடியாகப் பாதியாக்காமல், நாலைந்து நாளுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் மெதுவாக. நடுக்கமோ வியர்வையோ கூடினால் அந்த அளவிலேயே நிற்க வேண்டும், மேற்கொண்டு குறைக்கக் கூடாது. இது மருத்துவமனைக்குப் போகும் வரை ஓட்டுவதற்கான வழி மட்டும். முழுக்க நிறுத்துவதை இப்படி வீட்டில் முடித்துவிடலாம் என்று இறங்க வேண்டாம். காலைக் கட்டிங்குக்குப் பதில் வேறு ஏதாவது தேடிக் குடிக்கும் நிலைமைக்கும் தள்ளிவிடாதீர்கள். 2020 ஊரடங்கில் கடைகள் மூடியிருந்தபோது சவரத்துக்குப் பிறகு பூசும் லோஷனைக் குடித்து இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்த நாட்களில் செய்ய வேண்டியது சாப்பாடு. குடிப்பதற்கு முன்னால் வயிறு நிறைய. இட்லியோ சோறோ, கூடவே முட்டை, பருப்பு. பி1 மாத்திரை 100 மில்லிகிராம் இப்போதே ஆரம்பிக்கலாம், பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே எழுதித் தருவார்கள்.


108 இ.எம்.டி. (ஆம்புலன்ஸ் ஊழியர்)

ஃபிட்ஸ் கேள்விக்கு நான் சொல்றேன்.

சாவி, இரும்பு, வெங்காயம் எதுவும் வேண்டாம். அதுல எந்தப் பிரயோஜனமும் இல்ல. ஃபிட்ஸ் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானா நிக்கும், அந்த நேரம் பார்த்துச் சாவி குடுத்தா சாவியாலதான் நின்னுச்சுன்னு தோணும். வாயில ஸ்பூன், துணி, விரல் எதையும் விடாதீங்க. பல்லு உடைஞ்சு மூச்சுக்குழாய்க்குள்ள போற அபாயம் இருக்கு. நாக்கை முழுங்கிடுவார்ங்கிறது பொய். நாக்கு ஓரம் கடிபட்டா ஆறிடும்.

செய்ய வேண்டியது: மணியைப் பாருங்க. தலைக்கு அடியில மடிச்ச துண்டு. பக்கத்துல இருக்கிற ஸ்டூல், அடுப்பு, செங்கல் எதுவானாலும் தள்ளி வைங்க. கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீங்க. உலுக்கல் நின்னதும் இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, மேல் கால் முட்டியை மடக்கி முன்னால விட்டா உடம்பு கவிழாது. வாய் கீழ்ப்பக்கமா சாய்ஞ்சிருக்கணும், நுரையும் வாந்தியும் வெளியே வழிஞ்சிடும். முழுசா நினைவு திரும்புற வரைக்கும் தண்ணி, சோடா, மாத்திரை எதுவும் வாயில ஊத்தாதீங்க. நெறைய பேருக்கு நுரையீரல்ல சளி கட்டி நிமோனியா ஆகுறது இந்த ஒரு வாய் தண்ணியாலதான்.

ஃபிட்ஸ் 5 நிமிஷத்தைத் தாண்டினா, நினைவு திரும்புறதுக்குள்ள ரெண்டாவது வந்தா, அடிபட்டா உடனே 108. இவருக்கு ஒண்ணு வந்து நின்னாலும் கூப்பிடுங்க, ஏன்னா அடுத்தது வந்தா பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குள்ளயே வந்துடும். போன்ல "குடிகாரர், மயங்கிட்டார்"னு மட்டும் சொல்லாதீங்க. "தினமும் குடிக்கிறவர், நிறுத்தி இத்தனை மணி நேரம் ஆச்சு, ஃபிட்ஸ் இத்தனை நிமிஷம்"னு சொல்லுங்க. அந்த ஒரு வாக்கியத்துல வண்டியில வர்றவங்க எதுக்குத் தயாராகணும்னு தெரிஞ்சிடும்.

ஃபிட்ஸ் இல்லாமலே கூப்பிட வேண்டியது: இடம் நேரம் தெரியாமப் பேசுறது, 101 டிகிரிக்கு மேல காய்ச்சல், குடிச்ச தண்ணிகூட நிக்காம வாந்தி, வாந்தியில ரத்தம், கருப்பா மலம், நெஞ்சுவலி, எழுப்பினா எந்திரிக்காத தூக்கம்.

பைக்ல நடுவுல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போகாதீங்க. வழியில வந்துட்டா மூணு பேரும் விழுவீங்க.


கடைவீதி மருந்தாளுநர்

அந்த அட்டையைப் பத்தி யாரும் பதில் சொல்லலை. நடுக்க மாத்திரைன்னு கைமாறுறது பெரும்பாலும் அல்பிரசோலம். அட்டையில பேரைப் படிச்சுப் பாருங்க. 0.25, 0.5 மில்லிகிராம்னு போட்டிருக்கும். லிப்ரியத்தை விட ரொம்பச் சீக்கிரம் உடம்பை விட்டு இறங்குற மருந்து, வேளை தவறினா நடுக்கம் திரும்பவும் வந்து நிக்கும். குடியோட சேர்த்து விழுங்கினா மூச்சு அடங்கிப்போகும், அதுலதான் உயிர் போறது. கொஞ்ச நாள்லயே இதுக்கும் உடம்பு பழகிடும். அப்புறம் ரெண்டையும் நிறுத்தணும்.

அல்பிரசோலம், டயசெபாம், குளோர்டயசெபாக்சைடு மூணும் ஹெச்1 பட்டியல்ல இருக்கு. சீட்டு இல்லாமக் குடுக்கக் கூடாது, வாங்கினவர் பேரையும் எழுதிக் குடுத்த டாக்டர் பேரையும் பதிவேட்டுல ஏத்தி மூணு வருஷம் வெச்சிருக்கணும். சும்மா எடுத்துக் குடுக்குற கடை இருந்தா, அது உங்களுக்கு நல்லது பண்ற கடை இல்ல.

கேக்காத ஒண்ணையும் சொல்லிடுறேன். "அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலக்குற பொடி"ன்னு யாராவது கொண்டு வந்து தருவாங்க. விளம்பரமும் நெறைய வருது. அதுல டைசல்ஃபிராம் இருந்துச்சுன்னா, அவர் குடிச்ச பத்து நிமிஷத்துல இருந்து அரை மணிக்குள்ள முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிடும். இதயம் பலவீனமான ஆளுக்கு அதுவே கடைசி ஆயிடலாம். டைசல்ஃபிராம் நல்ல மருந்துதான். ஆனா சாப்பிடுறவருக்குத் தெரிஞ்சு, அவர் சம்மதிச்சு, ரத்தப் பரிசோதனை பண்ணி, குறைஞ்சது ஒரு நாளாவது குடிக்காம இருந்தப்புறம் ஆரம்பிக்கணும். நிறுத்தினப்புறமும் ரெண்டு வாரம் வரைக்கும் அதோட வேலை உடம்புல இருக்கும்.

அதைச் சாப்பிடுறவங்க இருமல் சிரப்பு, ஹேண்ட் சானிடைசர் எல்லாத்துலயும் கவனமா இருக்கணும். விரத நேரத்துல உடம்புக்கு நல்லதுன்னு அரிஷ்டம் குடிப்பாங்க. தசமூலாரிஷ்டம், திராட்சாரிஷ்டம் இதெல்லாம் புளிக்க வெச்சுச் செய்யுறது, தானா உண்டான ஆல்கஹால் அதுல இருக்கு. பாட்டில் மேலயே சதவீதம் போட்டிருக்கும். குடியை விட்டவருக்கு டைசல்ஃபிராம் இருந்தாலும் இல்லாட்டியும் இது வேண்டாம்.


மீட்பு ஆலோசகர்

முதல் வாரத்தைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் அதற்குப் பிறகு வருவதைச் சொல்கிறேன், ஏனென்றால் "எத்தனை நாள் படுத்தும்?" என்ற உங்கள் கேள்விக்கு அங்கே வேறு ஒரு பதில் இருக்கிறது.

நடுக்கம் 7 நாளில் போய்விடும். பசி இரண்டாவது வாரத்தில் நன்றாகத் திரும்பும், கூடவே இனிப்பின் மேல் ஆசை வரும். கொடுங்கள், சர்க்கரை நோய் இல்லையென்றால் தப்பில்லை. தூக்கம்தான் பல வாரம் துண்டு துண்டாக இருக்கும், சிலருக்கு மாதக்கணக்கில். இரவு 2 மணிக்கு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குடிப்பதைப் போலவே கனவு வரும், காலையில் எழுந்து "நிஜமாகவே குடிச்சிட்டேனா?" என்று பயந்து கேட்பார். அது சகஜம் என்று முன்னாலேயே சொல்லி வைத்தால் பாதி பயம் போய்விடும். சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல், எதிலும் பிடிப்பில்லாமை, இவை அலை அலையாக வந்து வந்து போகும். வீட்டில் உள்ளவர்கள் "குடிச்சப்பவே மேல், இப்ப வள்ளுவள்ளுனு விழுறார்" என்று சொல்லிவிடுவார்கள். தயவுசெய்து அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்.

குடிக்க வேண்டும் என்ற வேகம் ஒருமுறை கிளம்பினால் பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணியை எப்படிக் கடத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும். கொத்தனாருக்கு ஆபத்தான நேரம் சாயங்காலம் வேலை முடிந்து கைகால் கழுவும் நேரமும், சனிக்கிழமை கூலி கைக்கு வரும் நேரமும். கூலியை வீட்டுக் கணக்கில் போடச் சொல்லி மேஸ்திரியிடம் பேசுங்கள். அந்த மணியில் யாராவது ஒருவர் போய் அழைத்து வரட்டும்.

மாலை ஒரு பெரிய பலம். ஊரே சாமி என்று கூப்பிடுகிறது, யாரும் குடிக்கக் கூப்பிடுவதில்லை, காலையும் மாலையும் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. போதை மீட்பில் நாங்கள் கஷ்டப்பட்டு உருவாக்கப் பார்க்கும் ஒழுங்கு அங்கே தானாகக் கிடைக்கிறது. குருசாமியை இப்போதே போய்ப் பாருங்கள். மருத்துவமனை விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து சாப்பிடுவதால் விரதம் கெடாது என்பதை அவர் வாயாலேயே மாமாவிடம் சொல்ல வையுங்கள். நீங்கள் சொல்வதைவிட அது ஆழமாகப் போகும்.

என் கவலையெல்லாம் மாலை கழற்றும் நாளைப் பற்றித்தான். 41 நாளும், 48 நாளும் சுத்தமாக இருந்துவிட்டு, மலையிலிருந்து இறங்கி ஊர் வந்து சேர்வதற்குள் பஸ்ஸிலேயே ஆரம்பித்தவர்கள் எத்தனையோ பேர். அதற்குள் உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்திருக்கும். முன்பு சாதாரணமாகப் போன இரண்டு குவார்ட்டர் இப்போது ஆளையே சாய்க்கும். ஆகவே மாலை கழற்றும் தேதிக்கு முந்தைய வாரமே டாக்டரிடம் ஒரு நாள் வாங்கி வையுங்கள். ஆசையைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன: நால்ட்ரெக்ஸோன், தினம் ஒன்று, 50 மில்லிகிராம். அகாம்ப்ரோசேட், 333 மில்லிகிராமில் இரண்டிரண்டாக மூன்று வேளை. கல்லீரல் கெட்டவர்களுக்கு பாக்லோஃபென். எது பொருந்தும் என்பது கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்துத்தான். குறைந்தது 6 மாதமாவது தொடர வேண்டும். நாற்பது நாள் குடிக்கவில்லை, இனி மருந்து எதற்கு என்று நிறுத்துவது அடிக்கடி நடக்கிற தவறு.

எங்கே சேர்ப்பது என்று கேட்பீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவு இல்லை. 14416 டெலி மானஸ், 14446 போதை மீட்பு உதவி எண். இரண்டிலும் அருகில் எங்கே இடம் என்று கேட்கலாம். தனியார் மையம் என்றால் மனநல மருத்துவச் சட்டம் 2017-இன் கீழ் பதிவு செய்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். இரவில் டாக்டரோ செவிலியரோ இருப்பாரா, ஆக்சிஜன் இருக்கிறதா, வலிப்பு வந்தால் போடும் ஊசி இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துக் கேளுங்கள். மருந்தே இல்லாமல் மனக்கட்டுப்பாட்டால் நிறுத்த வைக்கிறோம், முதல் மாதம் யாரும் பார்க்க வரக்கூடாது என்று சொல்லும் இடத்தில் இவரை விடாதீர்கள். முதல் ஐந்து நாளில் என்ன நடக்கும் என்று மேலே படித்தீர்களே.


தாமிரபரணிக்கரை

எல்லாத்தையும் அக்காவுக்குப் படிச்சுக் காட்டினேன். குருசாமியை நேத்தே பார்த்தாச்சு. "ஆஸ்பத்திரியில இருந்து நேரா இங்க கூட்டிட்டு வா, நான் மாலை போட்டு விடுறேன்"னு சொல்லிட்டார். மாமாவும் சரின்னுட்டார். 5-ம் தேதி காலையில மெடிக்கல் காலேஜ் ஓபிக்குப் போறோம். வேற என்ன எடுத்துட்டுப் போகணும்?


வார்டு சிஸ்டர்

நல்ல செய்தி தம்பி. போன தடவை தையல் போட்ட சீட்டு, அவர் சாப்பிடுற எல்லா மாத்திரையோட அட்டையும், கூட்டாளி குடுத்ததையும் சேர்த்து. அதுல எத்தனை மாத்திரை குறைஞ்சிருக்குன்னு எண்ணிப் பார்த்துக்கோங்க, அவர் சொல்லாமலே போட்டிருக்கலாம். ஆதார், காப்பீட்டு அட்டை, ரெண்டு லுங்கி, முன்பக்கம் பட்டன் வெச்ச சட்டை, ஊசி போடவும் பிரஷர் பார்க்கவும் அதுதான் சுலபம். ராத்திரியும் கூட இருக்க ரெண்டு பேர், மாத்தி மாத்தி. 3-வது ராத்திரிக்குத் தூக்கம் போதாத ஆளை விடாதீங்க.

அன்னைக்குக் காலையில நடுக்கம் தாங்காம அவர் கட்டிங் போட்டாத் திட்டாதீங்க, தடுக்காதீங்க. எத்தனை மணிக்கு, எத்தனை மில்லின்னு ஒரு பேப்பர்ல எழுதிச் சட்டைப் பையில வெச்சுக்கோங்க. ஓபியில முதல்ல அதைக் காட்டுங்க.